நாலுக்கு ரெண்டு: காமராஜரின் கணக்கு தப்பிய ஜூலை!

ஜூலை பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து விருதுநகர் வரைக்கும் சாலையோரச் சுவர்களில் காமராஜர் முகம்தான். 15-ம் தேதி பள்ளிக்கூடங்களில் கல்வி வளர்ச்சி நாள். மதிய உணவு, புதிதாகத் திறந்த பள்ளிகள், கட்டிய அணைகள் என்று மேடைக்கு மேடை பேசுவார்கள். ஏதாவது ஒரு சின்னப் பையன் முழங்கைக்குக் கீழே தொங்கும் கதர்ச் சட்டையோடு மாறுவேடத்தில் வந்து கைத்தட்டல் வாங்குவான்.

அந்த மேடைகளில் யாரும் தொடாத ஜூலை ஒன்று உண்டு. 1969 ஜூலை.

அந்த மாதம் 12-ம் தேதி, தன் 66-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னால், பெங்களூரில் ஓர் அறைக்குள் காமராஜர் ஜெயித்தார். இந்தியாவின் அடுத்த ஜனாதிபதிக்குக் காங்கிரஸ் வேட்பாளர் யார் என்பதுதான் பிரச்னை. காமராஜரும் அவர் நண்பர்களும் சொன்னவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்தி சொன்னவர் ஜெகஜீவன் ராம். வாக்கெடுப்பு நடந்தது. நாலுக்கு ரெண்டு. ரெட்டி வேட்பாளரானார்.

நாற்பது நாள்கூட ஆகவில்லை. ரெட்டி தோற்றுப்போனார். நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

கட்சிக்குள் ஜெயிப்பதில் காமராஜரை மிஞ்ச ஆள் இல்லை என்று எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கணக்கு எங்கே தப்பியது? இதை முதலில் என் மண்டையில் ஏற்றியவர் என் பெரியப்பா. திருமங்கலத்தில் ஒரு பருத்தி கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். கடைசி வரைக்கும் கதர். காமராஜரை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘அய்யா’தான். (‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று பின்னாளில் நாடெங்கும் பேர் வாங்கிய அதே ஊர்தான். அது வேறு காலம், வேறு கதை.)

மூன்று ஓட்டில் தொடங்கிய தலைமை

காமராஜர் எப்படிக் கணக்குப் போடுவார் என்று தெரிந்தால்தான் 1969 புரியும். அதற்கு 1940-க்குப் போக வேண்டும்.

அன்றைய தமிழ்நாடு காங்கிரஸில் இரண்டு அணிகள். ஒன்று ராஜாஜி அணி, இன்னொன்று சத்தியமூர்த்தி அணி. மாநிலத் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்தது. சத்தியமூர்த்தி தானே நின்றிருக்கலாம், நிற்கவில்லை. தன் சீடர் காமராஜரை நிறுத்தினார். ராஜாஜி தரப்பில் கோவை சி.பி.சுப்பையா. காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்றே ஓட்டு! சீடர் தலைவராக, குரு அவருக்குக் கீழே செயலாளராக வேலை பார்த்தார். இன்றைக்கு எந்தக் கட்சியில் இப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

மூன்று ஓட்டில் வந்தவர் பதினான்கு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். மாவட்டம் மாவட்டமாக, கமிட்டி கமிட்டியாக யார் யார் பக்கம் என்பது அவருக்கு மனப்பாடம். மேடையில் அதிகம் பேச மாட்டார். கேட்பார். கேட்டவர்களிடம் பிடிகொடுக்காமல் “ஆகட்டும், பார்க்கலாம்” என்று அனுப்பிவிடுவார்.

மதுரையிலிருந்து தெற்கே கிளம்பினால் முதலில் வருவது திருப்பரங்குன்றம். நமக்கு முருகன் கோயில், மலை, கல்யாண முகூர்த்தம். காங்கிரஸ்காரர்களுக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1942-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது கட்சியோடு முரண்பட்டு வெளியே போன ராஜாஜி, 1945-ல் திரும்பி வந்தார். சிறைக்குப் போய்விட்டு வந்த தொண்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் திருப்பரங்குன்றத்தில் கூடிய காங்கிரஸ் ஊழியர் மாநாடு, ராஜாஜி மறுபடி தலைமைக்கு வருவதை எதிர்த்து நின்றது. காமராஜரின் பலம் எங்கே இருக்கிறது என்பது அங்கே தெரிந்தது. டெல்லியில் இல்லை, சென்னையில்கூட இல்லை. ஜெயிலுக்குப் போய்வந்த சாதாரணத் தொண்டனிடம் இருந்தது.

1946 பிப்ரவரியில் காந்தி மதுரைக்கு வந்தார், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். திரும்பிப் போனதும் தன் ‘ஹரிஜன்’ பத்திரிகையில், ராஜாஜிக்கு எதிராக இங்கே ஒரு ‘கிளிக்’ இருப்பதாக எழுதினார். சின்னக் கும்பல் என்று அர்த்தம். காமராஜருக்குச் சுருக்கென்று தைத்தது. காந்தியை எதிர்த்துப் பேசவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஆட்சிமன்றக் குழுவிலிருந்து விலகினார். ஆனால், கட்சித் தலைவர் பதவியை விடவில்லை. கவனியுங்கள், இதுவும் கணக்குதான்.

1954-ல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து இறங்கியபோது சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல். காமராஜருக்கு 93, ராஜாஜி ஆதரவு பெற்ற சி.சுப்பிரமணியத்துக்கு 41. ஜெயித்த கையோடு காமராஜர் என்ன செய்தார்? தோற்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தன் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். அந்த 41 பேரும் எதிர்க்கட்சியாக மாறவில்லை.

ஜெயிப்பது பாதி வேலைதான், தோற்றவனைக் கட்சிக்குள்ளேயே உட்காரவைப்பது மீதிப் பாதி. காமராஜரின் அரசியலை எனக்குச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன். 1969-ல் அந்த மீதிப் பாதி நடக்கவில்லை.

பிரதமர்களைத் தேர்ந்தெடுத்தவர்

நடுவில் நடந்தவை நீங்கள் அறிந்தவை. 1963-ல் ‘காமராஜர் திட்டம்’ என்று தானே முதல்வர் பதவியை விட்டார். 1964-ல் அகில இந்தியத் தலைவர். அந்த மே மாதம் நேரு மறைந்தபோது, எம்.பி-க்களின் கருத்தை விசாரித்து, வாக்கெடுப்புக்கே இடமில்லாமல் லால் பகதூர் சாஸ்திரியை ஒருமனதாகப் பிரதமராக்கினார். மொரார்ஜி தேசாய் மனதுக்குள் ஆசை இருந்தும் அடங்கிப்போனார்.

1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். இந்த முறை மொரார்ஜி அடங்கவில்லை. இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. இந்திராவுக்கு ஆதரவு திரட்டியதில் முக்கியமானவர் காமராஜர். நேருவின் மகள், வயது குறைவு, மூத்தவர்கள் சொன்னால் கேட்பார் என்பதுதான் அன்றைய பெரியவர்களின் எண்ணம். பத்திரிகைகள் இந்தப் பெரியவர்களுக்கு ‘சிண்டிகேட்’ என்று பேர் வைத்திருந்தன. காமராஜர், நிஜலிங்கப்பா, சஞ்சீவ ரெட்டி, வங்காளத்து அதுல்ய கோஷ், பம்பாய் எஸ்.கே.பாட்டீல்.

சொன்னால் கேட்பார் என்ற எண்ணம் சீக்கிரமே பொய்த்தது. 1967 ஜனாதிபதித் தேர்தலிலேயே ஒரு ஒத்திகை நடந்தது. ராதாகிருஷ்ணன் இன்னொரு முறை தொடரட்டும் என்றார் காமராஜர். ஜாகிர் உசேன்தான் என்று இந்திரா பிடிவாதமாக நின்றார். இந்திரா நினைத்தது நடந்தது.

அதே வருஷம், இங்கே கரிசல் மண்ணில் காமராஜருக்கு விழுந்த அடி பெரிது. சொந்த ஊர் விருதுநகரில் தி.மு.க-வின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். மாநிலத்தில் ஆட்சியும் போனது. 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். ஆளே மறுபடி எழுந்து நின்ற மாதிரி இருந்தது என்பார் பெரியப்பா.

பெங்களூர் அறை

1969 மே 3. பதவியில் இருக்கும்போதே ஜாகிர் உசேன் காலமானார். இந்தியாவில் ஒரு ஜனாதிபதி அப்படி இறந்தது அதுதான் முதல் முறை. துணை ஜனாதிபதி வி.வி.கிரி பொறுப்பேற்றார். அடுத்தவர் யார்?

வெறும் அலங்காரப் பதவிக்கு ஏன் இத்தனை சண்டை என்று தோன்றும். 1967-க்குப் பிறகு நாடாளுமன்றத்தில் காங்கிரஸின் பெரும்பான்மை மெலிந்துபோயிருந்தது. பல மாநிலங்களில் ஆட்சி கையைவிட்டுப் போயிருந்தது. அடுத்த தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், யாரை ஆட்சி அமைக்கக் கூப்பிடுவது என்பதை ஜனாதிபதிதான் முடிவு செய்வார். சிண்டிகேட்டின் ஆள் அங்கே உட்கார்ந்தால் தன் நாற்காலிக்கு ஆபத்து என்று இந்திரா தரப்பு நினைத்தது. தன் பிடியில் இல்லாத பிரதமருக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்று சிண்டிகேட் நினைத்தது. இரண்டு தரப்பும் நினைத்தது ஒன்றைத்தான், பார்த்த பக்கம்தான் வேறு.

ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கமிட்டிக் கூட்டம். இந்திரா முதல் நாள் வரவே இல்லை. சில பொருளாதார யோசனைகளை ஒரு குறிப்பாக எழுதி, பக்ருதீன் அலி அகமது கையில் கொடுத்தனுப்பினார். ‘ஏதோ மனதில் பட்டவை’ என்கிற தோரணையில் எழுதிய குறிப்பு. அதற்குள்ளே வங்கிகளைப் பற்றிய விஷயமும் இருந்தது. பெரியவர்களின் கவனமெல்லாம் வேட்பாளர் மேல் இருந்தது.

ஆட்சிமன்றக் குழுவில் எட்டுப் பேர். காந்தி நூற்றாண்டு வருஷம், ஒரு தலித் தலைவர் ஜனாதிபதியாவது பொருத்தம் என்று ஜெகஜீவன் ராம் பெயரைச் சொன்னார் இந்திரா. மறுக்க முடியாத வாதம் அது. சிண்டிகேட் அசையவில்லை. சஞ்சீவ ரெட்டிக்கு காமராஜர், மொரார்ஜி, எஸ்.கே.பாட்டீல், ஒய்.பி.சவான். ஜெகஜீவன் ராமுக்கு இந்திரா, பக்ருதீன் அலி அகமது. ஜெகஜீவன் ராமும் கட்சித் தலைவர் நிஜலிங்கப்பாவும் வாக்களிக்கவில்லை.

என் பார்வையில் தப்பு நடந்த இடம் இதுதான். ரெட்டி மோசமான தேர்வு இல்லை. ஆந்திர முதல்வராக இருந்தவர், கட்சியின் அகில இந்தியத் தலைவராக இருந்தவர், அப்போது மக்களவை சபாநாயகர். பதவியில் இருக்கிற பிரதமரை, அவர் கட்சியின் குழுவிலேயே சிறுபான்மையாக்கி ஒரு ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. 1964-ல் ஓட்டே போடாமல் ஒருமனதை உண்டாக்கியவர் காமராஜர். 1954-ல் தோற்றவரைக் கூப்பிட்டு மந்திரியாக்கியவர். 1969-ல் தோற்றவருக்குக் கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? தோற்றவர்தான் பிரதமர்!

ஒரு வாரத்தில் ஆட்டம் மாறியது

மறுநாளே வி.வி.கிரி, சுயேச்சையாக நிற்கிறேன் என்று அறிவித்தார். பழைய தொழிற்சங்கத் தலைவர், லேசில் விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை.

இந்திரா என்ன செய்தார் பாருங்கள். ரெட்டியின் வேட்புமனுவில் தானே கையெழுத்துப் போட்டார். கட்சிக்குக் கட்டுப்பட்ட மாதிரி ஆயிற்று. ஜூலை 16-ல் மொரார்ஜியிடமிருந்து நிதித் துறையைப் பிடுங்கினார், மொரார்ஜி ராஜினாமா செய்தார். 19-ம் தேதி 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம். அதில் கையெழுத்துப் போட்டவர், பொறுப்பு ஜனாதிபதியாக இருந்த அதே கிரி. மறுநாள் கிரி பதவியை விட்டு விலகி, முழு வேட்பாளரானார்.

பெங்களூரில் பேச்செல்லாம் ‘ரெட்டியா, ஜெகஜீவன் ராமா’ என்று இருந்தது. ஒரே வாரத்தில் நாட்டின் பேச்சு ‘வங்கி பணக்காரனுக்கா, ஏழைக்கா’ என்று மாறிவிட்டது. அதற்குப் பிறகு ரெட்டியை ஆதரிப்பவர் எல்லாம் பணக்காரன் பக்கம் என்று ஒரு தோற்றம் வந்துவிட்டது. சொந்த வீடுகூட வாங்காத காமராஜர் அந்த வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. இதுதான் பெரியப்பாவுக்குக் கடைசி வரை ஆறவே இல்லை.

அடுத்த தவறை நிஜலிங்கப்பா செய்தார். ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போடுபவர்கள் எம்.பி-க்களும் எம்.எல்.ஏ-க்களும் மட்டும். வேட்பாளர்களை 1, 2 என்று வரிசைப்படுத்த வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், குறைவாக வாங்கியவர்களை நீக்கி, அவர்களின் இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ணுவார்கள். மூன்றாவதாக சி.டி.தேஷ்முக் நின்றார், ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் அவர் பக்கம். அந்த இரண்டாவது விருப்ப ஓட்டை ரெட்டிக்குப் போடுங்கள் என்று அந்தக் கட்சித் தலைவர்களிடம் நிஜலிங்கப்பா பேசினார்.

கணக்காகப் பார்த்தால் சரியான காரியம். வெளியே தெரிந்ததும் இந்திரா தரப்புக்கு வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி ஆயிற்று. ‘வலதுசாரிகளோடு ரகசிய ஒப்பந்தமா? அப்படியானால் மனசாட்சிப்படி ஓட்டுப் போட எங்களை விடுங்கள்’ என்று கேட்டார்கள் ஜெகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதுவும். ரெட்டிக்குத்தான் போட வேண்டும் என்று கட்சி எம்.பி-க்களுக்குக் கட்டளையிட இந்திரா மறுத்தார். தானே கையெழுத்துப் போட்ட வேட்பாளரை! அதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். சாமர்த்தியம் என்று சொல்லாமலும் இருக்க முடியாது. பெங்களூரில் அவர்களோடு ஓட்டுப் போட்ட சவானும் மெல்ல இந்திரா பக்கம் நகர்ந்துவிட்டார்.

14,650

ஆகஸ்ட் 16-ல் வாக்குப்பதிவு, 20-ல் எண்ணிக்கை. முதல் சுற்றில் கிரி 4,01,515. ரெட்டி 3,13,548. தேஷ்முக் 1,12,769. ஜெயிக்கத் தேவை 4,18,169, யாரும் தொடவில்லை. இரண்டாவது விருப்பத்தை எண்ணினார்கள். ரெட்டிக்குக் கூடுதலாக 91,879 வந்தது, கிரிக்கு 18,562-தான் வந்தது. நிஜலிங்கப்பாவின் பேச்சுவார்த்தை வேலை செய்யத்தான் செய்தது. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. ரெட்டியைக் கரை வரைக்கும் கொண்டுவந்ததும் அந்தப் பேச்சுவார்த்தைதான், சொந்தக் கட்சி ஓட்டைச் சிதறடிக்கச் சாக்குக் கொடுத்ததும் அதேதான்.

பெரியப்பா என்னை உட்காரவைத்து இதற்கு மேலும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றைக்கு ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 576. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 144. 1967-ல் தி.மு.க-வுக்குக் கிடைத்த மக்களவை எம்.பி-க்கள் 25 பேர், எம்.எல்.ஏ-க்கள் 137 பேர். தி.மு.க. ஆதரித்தது கிரியை.

“25-ஐ 576-ஆல பெருக்குடா.”

“14,400, பெரியப்பா.”

“137-ஐ 144-ஆல?”

“19,728.”

“கூட்டு.”

34,128. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்திருக்கலாம். ஆனால், கிரி ஜெயித்த வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இடதுசாரிகளும் இன்னும் சிலரும் கிரியோடு நின்றார்கள் என்றாலும், தமிழ்நாட்டுக்காரர் போட்ட வேட்பாளரைத் தோற்கடிக்கத் தமிழ்நாட்டு ஓட்டே போதுமானதாக இருந்தது.

“அய்யா கணக்குல தப்பில்லடா. அவரு பேரேட்டுல காங்கிரஸ்காரன் பேரு மட்டும்தான் இருந்துச்சு. பேரேட்டுல இல்லாதவனுக்கும் ஓட்டு இருந்துச்சுல்ல?” என்றார் பெரியப்பா.

1940-லும் 1954-லும் காங்கிரஸுக்குள் ஜெயித்தால் போதும், ஆட்சி வந்துவிடும். எதிரே ஆளே இல்லை. விருதுநகரிலேயே தன்னைத் தோற்கடித்த கட்சி, ஜனாதிபதித் தேர்தலிலும் ஓட்டு வைத்திருக்கிறது என்பதைப் பெங்களூர் அறையில் எவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தார்கள் என்ற கேள்வி எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் நடந்ததில்லை. சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால், 1968 ஆகஸ்டில், அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி சிகாகோவில் கூடியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மாநிலங்களில் நடந்த பிரைமரி தேர்தல் ஒன்றில்கூட நிற்காத ஹூபர்ட் ஹம்ப்ரேயை, கட்சிப் பெரியவர்கள் தங்கள் பலத்தில் ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கினார்கள். மண்டபத்துக்கு வெளியே போலீஸ் தடியடி. நவம்பரில் ஹம்ப்ரே நிக்சனிடம் தோற்றார். அந்தக் கட்சி அதற்குப் பிறகு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளையே மாற்றி எழுதியது. காங்கிரஸில் விதி மாறவில்லை, கட்சி உடைந்தது.

காளைமாடு போச்சு

நவம்பர் 12-ல் இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்குவதாக நிஜலிங்கப்பா தரப்பு அறிவித்தது. பிரதமரையே நீக்கினார்கள்! எம்.பி-க்களில் பெரும்பாலோர் இந்திராவோடு போனார்கள். குறைந்த பலத்தைச் சரிக்கட்ட அவருக்குக் கைகொடுத்தவர்களில் தி.மு.க-வும் உண்டு.

தமிழ்நாட்டில் மட்டும் கட்சி பெரும்பாலும் காமராஜரோடு நின்றது. ஸ்தாபன காங்கிரஸ் என்று பேர். 1954-ல் மந்திரியாக்கிய சி.சுப்பிரமணியம் இந்திரா பக்கம் போனார். எங்கள் தெருவில் பெரியப்பாவும், தினமும் அவரோடு டீ குடித்த எதிர்வீட்டுச் சித்தப்பா முறைக்காரரும் ஆளுக்கொரு பக்கம். இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரியம்மா மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தார்.

1971 தேர்தலில் பூட்டிய இரட்டைக் காளைமாட்டுச் சின்னம் இரண்டு தரப்புக்கும் கிடைக்கவில்லை. இந்திராவுக்குப் பசுவும் கன்றும், காமராஜருக்கு ராட்டை சுற்றும் பெண். மாட்டைப் பார்த்தே ஓட்டுக் குத்திப் பழகிய கரிசக்காட்டு விவசாயிகளிடம் ராட்டையை விளக்கிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனது என்பார் பெரியப்பா. பசுவும் மாடுதானே என்று குத்திவிட்டு வந்து, “அய்யாவுக்குத்தான் போட்டேன்” என்று சொன்னவர்களும் உண்டாம்.

அந்தத் தேர்தலில் இன்னொரு விசித்திரம். 1940-லிருந்து எதிரெதிரே நின்ற ராஜாஜியும் காமராஜரும் ஒரே அணி! சட்டமன்றத்தில் ஸ்தாபன காங்கிரஸ் நூற்றுக்குச் சுமார் 35 ஓட்டு வாங்கியும் கிடைத்தது 15 இடம். தி.மு.க-வுக்கு 184. இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட நிற்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு மட்டும் சில இடங்களில் நின்றது. அதில் மதுரையும் ஒன்று, ஆர்.வி.சுவாமிநாதன் ஜெயித்தார். நாகர்கோவிலில் காமராஜர் ஜெயித்தார். தமிழ்நாட்டில் அவர் கட்சிக்குக் கிடைத்த ஒரே எம்.பி. அவர்தான்.

இரண்டு வருஷம் கழித்து 1973 மே மாதம், அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல்லில் இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான். மாயத்தேவர் இரட்டை இலையில் சுமார் 2.6 லட்சம் ஓட்டு வாங்கி ஜெயித்தார். இரண்டாவது யார் தெரியுமா? ஆளும் தி.மு.க. இல்லை, ஸ்தாபன காங்கிரஸின் என்.எஸ்.வி.சித்தன். தி.மு.க. மூன்றாவது. டெல்லியில் ஆட்சி செய்த இந்திரா காங்கிரஸுக்கு டெபாசிட்கூட மிஞ்சவில்லை. உடைந்து நான்கு வருஷம் ஆகியும் இந்தச் சமவெளியில் காங்கிரஸ் என்றால் காமராஜர்தான் என்று நினைத்தவர்கள் லட்சத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். ஆனால், இனிமேல் போட்டி யாருக்கும் யாருக்கும் என்பதை இரட்டை இலை அன்றைக்கே எழுதிவிட்டது. அந்தப் போட்டியில் காங்கிரஸ் இன்று வரை பக்கத்து நாற்காலிதான்.

1975 அக்டோபர் 2-ல் காமராஜர் காலமானார். மறு வருஷம் அவர் கட்சியின் பெரும்பகுதி இந்திராவோடு இணைந்தது. எதிர்வீட்டுச் சித்தப்பா வந்து பெரியப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அதே டீக்கடை.

1977 ஜூலையில் ஜனதா ஆட்சி. மறுபடியும் ஜனாதிபதித் தேர்தல். நீலம் சஞ்சீவ ரெட்டி மனுப் போட்டார். இந்த முறை போட்டியே இல்லை, ஏகமனதாக வந்தார். பிரதமர் நாற்காலியில், பெங்களூரில் அவருக்கு ஓட்டுப் போட்ட நாலு பேரில் ஒருவரான மொரார்ஜி தேசாய். ஜூலை 25-ம் தேதி பதவியேற்பை ஆகாசவாணிச் செய்தியில் கேட்டுவிட்டு, ரேடியோவை அணைத்த பெரியப்பா, “எட்டு வருசம் லேட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனாராம். பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.